லாபம் சொல்லாத மரக்கால்

எங்கள் பக்கத்தில் நெல் அளப்பவர்கள் முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். "லாபம்" என்பார்கள். அடுத்த மரக்காலுக்கு "ரெண்டு", அதற்கடுத்து "மூணு". பன்னிரண்டு மரக்கால் சேர்ந்தால் ஒரு கலம். அடுத்த கலத்துக்கு மறுபடியும் "லாபம்" என்றுதான் தொடங்குவார்கள். வீட்டுக்கு வரும் நெல் நல்ல சொல்லோடு வரட்டும் என்பதற்காக ஏற்பட்ட வழக்கம். கேட்டுக் கேட்டுப் பழகியதால் அது ஒரு சொல் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. என் மாமனார் இறந்த வருஷம்தான் அது மறுபடி என் காதில் விழுந்தது. சரியாகச் சொன்னால், விழாமல் போனது.

சண்டைக் காலம் அது. பர்மா அரிசி வரத்து நின்றுபோய், மண்டியில் நெல் விலை தினம் ஒன்றாக இருந்தது. எங்களுக்கு அரியலூருக்குக் கிழக்கே இரண்டு கல் தொலைவில் கரிசல் காடு. பருத்தியும் வரகும் விளையும், நெல் விளையாது. மாமனார் ஒரு நாள் காலையில் பருத்திக் காட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார். கட்டிலில் வைத்துத்தான் தூக்கி வந்தார்கள். முதல் நாள் இரவு என்னோடு சண்டை போட்டவர். மோரில் உப்புப் போதவில்லை என்று சண்டை. அந்த மோர்ச் சட்டியை நான் இன்னும் கழுவிக்கூட வைக்கவில்லை, அதற்குள் ஆளைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள்.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அரியலூர்ச் சந்தையில் வாங்கி வந்த மிளகாயை வீட்டில் நிறுத்துப் பார்த்து, எடை கூடுதலாக இருக்கிறது என்று உச்சி வெயிலில் திரும்ப நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வந்த மனிதர் அவர். நான் கண்ணால் பார்த்தது. "நாளைக்குக் குடுத்தா ஆகாதா மாமா?" என்று கேட்டேன். "நாளைக்கு வரைக்கும் அடுத்தவன் பொருள் நம்ம வூட்டுல தூங்கணுமா?" என்றார். எனக்கு வாய்த் துடுக்கு அதிகம். அவரிடம் மட்டும்தான் அது அடங்கியிருந்தது.

கருமாதிக்கு ஊரே சாப்பிட வரும். என் கணவர் பதினைந்து கலம் நெல்லுக்கு அரியலூர் மண்டியில் சொல்லி அனுப்பினார். பதினைந்து போதுமா பதினெட்டு வேண்டுமா என்று வீட்டில் பேச்சு முடியாததால், மண்டிக்காரர் பதினெட்டுக் கலத்தை வண்டியில் ஏற்றி, கூடவே அளவுகாரரையும் அனுப்பி வைத்தார். வேண்டியதை வீட்டிலேயே அளந்து கொடுத்துவிட்டு, மீதியை வண்டியில் திருப்பிக்கொண்டு போவது அந்த மண்டியின் முறை. கடைசியில் பதினைந்து போதும் என்று முடிவானது.

அளவுகாரருக்கு ஐம்பது வயதிருக்கும். ஒடிசலான ஆள். மரக்காலைத் துண்டில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார். கூடத்தில் அளந்தார். கொள்ளி வைத்தவர் என்பதால் மொட்டைத் தலையோடு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்த என் கணவர், ஒவ்வொரு கலம் முடியும்போதும் சுவரில் ஒரு கரிக்கோடு போட்டார். நான் உள்கட்டில் வாழைச் சருகு கிழித்துக்கொண்டிருந்தேன். நெல் விழும் சத்தமும் எண்ணிக்கையும் மட்டும் என் காதுக்கு வந்தன. "லாபம்" என்ற சொல் வரவில்லை. சாவு வீட்டில் அதை எப்படிச் சொல்வார், பாவம், நாசூக்கான மனிதர் என்று நினைத்தேன். அதற்குமேல் நினைக்கவில்லை.

மறுநாள் நெல்லை நனைத்து அவிப்பதற்காகப் பக்கத்து வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. எத்தனை மரக்கால் யார் வீட்டுக்குப் போகிறது என்று தெரியாமல் கொடுத்தால் அரிசியாகத் திரும்பி வரும்போது வம்பு வரும். எங்கள் பக்கத்தில் நெல்லை அளக்காமல் பானையில் போடும் பெண் யாரும் கிடையாது. அதனால் மொத்தத்தையும் எங்கள் வீட்டு மரக்காலால் அளந்தேன். உண்மையைச் சொல்கிறேன், குறையும் என்று எதிர்பார்த்துத்தான் அளந்தேன். மண்டி நெல் எந்தக் காலத்தில் சரியாக இருந்திருக்கிறது? குறைந்தால் மண்டிக்காரரை என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று வாக்கியம்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

பதினைந்து கலம் முடிந்தது. தரையில் இன்னும் குவியல் இருந்தது.

எங்கள் மரக்கால்தான் சின்னதோ என்று சந்தேகம் வந்தது. அதற்கும் வழியில்லை, அதுவும் முத்திரை போட்ட மரக்கால்தான். மறுபடியும் முதலிலிருந்து அளந்தேன். கலத்துக்கு ஒரு மரக்கால் வீதம், பதினைந்து மரக்கால் கூடுதல். ஒரு கலத்துக்கும் மேலே. அந்த நாளில் அது ஒரு குடும்பம் ஒரு மாதம் சாப்பிடும் நெல். குறைந்திருந்தால் கோபம் வந்திருக்கும், கோபம் எனக்குப் பழகினது. கூடுதலாக வந்து நின்றதும் என்ன செய்வதென்றே தெரியவில்லை.

என் கணவரின் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஜெயங்கொண்டம் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். அப்பா போன நாளிலிருந்து ஒரு வாய்க் கஞ்சிக்கு மேல் இறங்கவில்லை அவருக்கு. குவியலைப் பார்த்தவர் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். ஒரு பிடி நெல்லை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அப்பா அனுப்பியிருக்காரு" என்றார்.

"என்ன அண்ணி சொல்றீங்க? மண்டியிலேர்ந்து வந்த நெல்லு இது. கூட வந்திருக்கு, திருப்பி அனுப்பணும்."

"சாவு வூட்டுக்கு வந்ததைத் திருப்பி அனுப்புவாங்களா? நல்லா இருக்கே நீ பேசுறது. எடுத்து உள்ள கொட்டு."

எனக்குச் சுருக்கென்றது. துக்கத்தில் இருப்பவர் என்று வாயை மூடிக்கொண்டு என் கணவரிடம் போனேன். அவர் அரியலூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. சட்டம் என்றால் சோற்றை மறந்துவிடுவார். மொட்டைத் தலையும் கழுத்தில் துண்டுமாக உட்கார்ந்தபடியே, கோர்ட்டில் எழுந்து நிற்பவர் மாதிரி சொன்னார்.

"சட்டம் தெளிவா இருக்கு. பேசுனதுக்கு மேல வந்தா, பேசுன அளவை வச்சுக்கிட்டு மிச்சத்தை வேணாம்னு தள்ளலாம். இல்ல, மொத்தத்தையும் வேணாம்னு தள்ளலாம். எல்லாத்தையும் வச்சுக்கிட்டா, எல்லாத்துக்கும் பேசுன வெலையைக் குடுக்கணும்."

"கொறைஞ்சு வந்திருந்தா?"

"அப்பவும் தள்ளலாம். வாங்கிக்கிட்டா, வந்த அளவுக்குக் குடுத்தாப் போதும்."

"தெரிஞ்சுகிட்டே சும்மா இருக்கறதுக்குச் சட்டத்துல எடம் இருக்கா?"

"வாங்குனவன் பாத்துச் சொல்றதுக்கு நியாயமான அவகாசம் உண்டு. கருமாதி முடியட்டும். அவங்க கேட்டா அப்பப் பாத்துக்கலாம்."

கேட்டால் பார்த்துக்கொள்ளலாம். படித்தவர் சொன்ன பதில் இது. அண்ணி சொன்னதைக்கூட நான் துக்கம் என்று விட்டிருப்பேன். இவர் சட்டத்தை முழுசாக ஒப்பித்துவிட்டு, அதன் மேலேயே துண்டை விரித்துப் படுத்துக்கொள்கிறாரே என்று எனக்கு வயிறு எரிந்தது.

"மாமா இருந்தா இந்த நெல்லு ஒரு ராத்திரி இந்த வூட்டுல தங்கியிருக்குமா?" என்று இரண்டு பேருக்கும் கேட்கும்படி கேட்டேன்.

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் கணவர் தரையைப் பார்த்தார். மாமனார் பேரை எடுத்ததும் வெட்கம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். கூடுதல் நெல்லைத் தனியாகக் கோணியில் கட்டி மூலையில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மண்டி வண்டிக்காரர் காலிக் கோணிகளை வாங்கிப் போக வந்தார். கலகலப்பான மனிதர், அன்றைக்கு முகமே சரியில்லை. கோணிகளை மடித்துக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார்.

"அளவுகாரருகிட்டேர்ந்து மரக்காலைப் புடுங்கிட்டாங்கம்மா."

"எதுக்கு?"

"மூணு கலம் திரும்பி வரணும்ல? ரெண்டு கலம்கூட இல்ல. நெல்லு விக்கிற வெலையில மொதலாளி விடுவாரா? நடுவழியில எறக்கி வித்துட்டாருன்னு சொல்றாங்க. கூட வந்தவன் நான், எங்கயும் எறக்கலை. என் பேச்சை யாரு கேக்குறா, எனக்கும் பங்கு உண்டுன்னுதான் சொல்லுவாங்க."

"அவரு என்ன சொல்றாரு?"

"பதினஞ்சு கலம்தான் அளந்தேன், ஒரு மணி அதிகமில்லன்னு சொல்றாரு. சாயங்காலம் வெளக்கு வைக்கிற நேரத்துல காளியம்மன் கோயில்ல சூடம் அணைக்கச் சொல்லியிருக்காங்க. ரெண்டு நாளாப் பட்டினி கெடக்குறாரு சத்தியத்துக்கு."

எரியும் சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்வதென்றால் எங்கள் பக்கத்தில் என்ன பொருள் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பொய்ச் சத்தியம் செய்தவன் வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள், அவன் கையால் தண்ணீர்கூட வாங்கமாட்டார்கள். அந்த மனிதர் பதினைந்து கலம்தான் அளந்தேன் என்று மனதார நம்பி, சாமி முன்னால் பொய் சொல்லப் போகிறார். அது பொய் என்று தெரிந்தவர்கள் இந்த உலகத்திலேயே மூன்று பேர்தான். மூன்று பேரும் எங்கள் வீட்டில் இருந்தோம்.

என் கணவரிடம் போனேன். அவர் கேட்டுவிட்டு வெளிறிப் போனார். நான் போக முடியாதே, கருமாதி முடியாமல் வாசலைத் தாண்டக் கூடாதே என்றார்.

"நான் போறேன்."

"தீட்டுல நீ எப்படி மண்டிக்குப் போவே? ஊரு என்ன பேசும்?"

"கோயிலுக்குள்ளயா போறேன்? தெருவுல நிக்கிறேன். ஊரு பேசுறதை நான் வந்து கேட்டுக்கிறேன்."

நான் மூலையிலிருந்த கோணிகளை வண்டியில் ஏற்றச் சொன்னபோது, அண்ணி எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கதவுச் சத்தம் அரியலூர் வரைக்கும் என்னோடு வந்தது.

மாட்டுக்கு அன்றைக்கென்று அத்தனை நிதானம். வண்டிக்காரர் வாலை முறுக்கிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். ரயிலடியைத் தாண்டும்போது வெயில் சாய்ந்துவிட்டது. நான் வேண்டிக்கொண்டே வந்தேன் என்று சொன்னால் பொய். எங்கள் வீட்டு மனிதர்களைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

மண்டி வாசலில் கூட்டம். அளவுகாரர் ஈர வேட்டியோடு தெருவோரம் குந்தியிருந்தார். பக்கத்தில் ஒரு தட்டில் சூடமும் எலுமிச்சம்பழமும். அந்தத் தட்டைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. இன்னும் அணைக்கவில்லை.

மண்டிக்காரர் என்னைப் பார்த்ததும் திகைத்துப் படியிறங்கி வந்தார். துக்க வீட்டுப் பெண், கலைந்த தலையோடு மண்டி வாசலில் வந்து நின்றால் யாருக்குத்தான் திகைப்பு வராது. "என்னம்மா, நீங்க எங்க இங்க? ஆள் அனுப்பியிருந்தா நான் வந்திருப்பேனே" என்றார்.

"உங்க நெல்லு பதினஞ்சு மரக்கா எங்க வூட்டுலதான் இருந்துச்சு. கொண்டாந்திருக்கேன். அவரு திருடலை."

கூட்டம் ஒரு நொடி அடங்கி, பிறகு சலசலத்தது. மண்டிக்காரர் முகத்தில் நிம்மதி தெரியும் என்று எதிர்பார்த்தேன். தெரியவில்லை. மெதுவாக அளவுகாரர் பக்கம் திரும்பினார். "அப்ப இவங்க வூட்டோட கூட்டு வச்சுக்கிட்டு கூடுதலா அளந்து போட்டிருக்கே" என்றார்.

இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஒரு ஆளைக் காப்பாற்ற வந்து, அவர் மேல் வேறொரு திருட்டை ஏற்றிவிட்டேன். அளவுகாரர் எழுந்து நின்றார். கோபம் எல்லாம் என் மேல்தான்.

"ஏம்மா, ஒங்க வூட்டு மாமனாரு செத்த துக்கத்துல இருக்கீங்க, சொல்லக் கூடாது. நான் கூடுதலா அளக்கலை. முப்பது வருஷமா மரக்கா புடிக்கிற கை இது. ஒரு கலத்துக்குப் பன்னெண்டுதான் விழும்."

"எங்க வூட்டுல அளந்த மாதிரி இங்க ஒரு தடவை அளந்து காட்டுங்க."

மண்டிக்காரர் சம்மதித்தார். தெருவிலேயே ஒரு சாக்கை விரித்து, மரக்காலை அவர் கையில் கொடுத்தார்கள். எங்கள் கோணியை அவிழ்த்தோம். அளவுகாரர் மரக்காலை நெல்லில் பாய்ச்சி, தலை தட்டி, சாக்கில் கவிழ்த்தார். "லாபம்" என்றார். அடுத்ததைக் கவிழ்த்து "ரெண்டு" என்றார். குற்றம் சொல்ல இடமே இல்லை.

அப்போதுதான் உள்கட்டில் உட்கார்ந்து நான் கேட்ட சத்தம் நினைவுக்கு வந்தது.

"எங்க வூட்டுல லாபம் சொன்னீங்களா?"

"சாவு வூட்டுல அதைச் சொல்லுவாங்களா?"

"அப்ப சொல்லாம அளங்க. இது கடைத்தெரு இல்ல, மாமா செத்த வூடுன்னு நெனச்சுக்கிட்டு அளங்க."

அவர் நெல்லைக் கோணியிலேயே திரும்பக் கொட்டி, சாக்கை ஒரு தடவை உதறி விரித்தார். துண்டை இடுப்பில் இறக்கிக் கட்டினார். முகமே மாறிவிட்டது. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, முதல் மரக்காலைச் சத்தமில்லாமல் கவிழ்த்தார். அடுத்த மரக்காலைக் கவிழ்த்தார்.

"ஒண்ணு" என்றார்.

"நிறுத்துங்க. சாக்குல எத்தனை மரக்கா கெடக்கு?"

"ஒண்ணுதாம்மா."

வண்டிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். அளவுகாரர் எங்கள் முகங்களைப் பார்த்தார், குவியலைப் பார்த்தார். பிறகு தானே குனிந்து, சாக்கிலிருந்த நெல்லைத் திரும்ப அளந்து கோணியில் போட்டார். "லாபம்" என்றார். சாக்கில் இன்னும் நெல் கிடந்தது. அதை வழித்து மரக்காலில் அள்ளினார். தலை தட்டி நிறைந்தது. "ரெண்டு" என்ற சொல் அவர் வாயிலிருந்து பாதிதான் வந்தது.

மரக்காலை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டார். அவர் சொன்னது எல்லோருக்கும் சொன்னதா, தனக்கே சொல்லிக்கொண்டதா என்று தெரியாது.

"மரக்கா புடிச்ச புதுசுல, ஒரு வாலிபப் புள்ள செத்த வூட்டுல வாய் தவறி லாபம்னுட்டேன். அந்தத் தாயி மண்ணை வாரித் தூத்திச்சு. அன்னேலேர்ந்து சாவு வூட்டுல மொத மரக்காலுக்கு வாயை இறுக்கிக்குவேன். அது போனப்புறம்தான் வாயைத் தொறப்பேன்."

மண்டிக்காரர், "இத்தனை வருஷமா இப்படியாய்யா அளந்தே? ஒரு தடவைகூடக் கணக்குக் கொறைஞ்சதில்லையே" என்றார்.

"கொறையும் மொதலாளி. சாவு வூட்டுக்கு அளந்தா எப்பவும் கொறையும். செத்தவங்க பங்கு எடுத்துக்கிறாங்கன்னு நெனச்சேன். அதைப் போய் ஒங்ககிட்ட எப்படிச் சொல்லுவேன். ரெண்டு மரக்கா, மூணு மரக்காதானேன்னு என் கூலி நெல்லுல போட்டு நெரவிடுவேன். இந்தத் தடவை பதினஞ்சு கொறைஞ்சு போச்சு. என்கிட்ட அம்புட்டு இல்ல."

செத்தவர்கள் பங்கு எடுத்துக்கொள்கிறார்கள் என்று நம்பி, தன் பிள்ளைகள் சாப்பிட வேண்டிய நெல்லை எடுத்து மண்டிக் குவியலில் கொட்டியிருக்கிறார் மனிதர். ஒரு வருஷம், இரண்டு வருஷம் அல்ல. அவர் அளந்த சாவு வீடுகள் எனக்கே எத்தனையோ தெரியும். திருமானூர்ச் சாலையில், எங்கள் ஊரில், பக்கத்து ஊரில். ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தி என்னைப்போல் நெல்லை அளந்துதான் நனைத்திருப்பாள். ஒவ்வொருத்திக்கும் தெரிந்திருக்கும். ஒரு வீட்டிலிருந்துகூட ஒரு வார்த்தை வரவில்லை.

கூட்டத்தைப் பார்த்தேன். போன வருஷம் தாயைப் பறிகொடுத்த ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மெல்ல நழுவினார். இன்னொருவர், "எங்க வூட்டுல அளக்கவே இல்லீங்க, நேரா குதிர்ல கொட்டிட்டோம்" என்றார். அவரை யாரும் கேட்கவே இல்லை.

மண்டிக்காரர் சூடத் தட்டை உள்ளே எடுத்துப் போகச் சொன்னார். மரக்காலை அளவுகாரரிடமே விட்டுவிட்டார். என் கோணிகளைத்தான் தொட மறுத்தார். சாவு வீட்டில் படி தாண்டிய நெல்லைக் கல்யாணத்துக்கு விற்கும் குவியலில் எப்படிச் சேர்ப்பது, நாளைக்கு ஒருத்தன் என் கடையில் நெல் வாங்குவானா என்றார். திருப்பும் உரிமையைப் பற்றி என் கணவர் சொன்ன சட்டமெல்லாம் அந்த வாசலோடு நின்றுபோனது. வழக்கம் என்று ஒன்று இருந்தால் சட்டமும் கொஞ்சம் ஒதுங்கி நிற்கும் என்று அவரே பிற்பாடு ஒத்துக்கொண்டார். பேசின விலைக்கு வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுக் கோணிகளோடு திரும்பினேன்.

வண்டி ஏறுவதற்கு முன் அளவுகாரரிடம், "இத்தனை வருஷமா போட்டதை யாருகிட்டக் கேப்பீங்க?" என்றேன்.

"யாரைம்மா கேக்குறது? அவங்கதான் செத்துட்டாங்களே" என்றார். அவருக்கு இன்னும் அது பிடிபடவில்லை. நெல்லை வைத்துக்கொண்டவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்பதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து சேரும்போது விளக்கு வைத்து வெகு நேரமாகியிருந்தது. வழியெல்லாம் அந்த வீடுகளை ஒவ்வொன்றாக நினைத்து, ஒவ்வொருத்தியையும் என்ன கேட்க வேண்டும் என்று வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். கூடத்தில் என் கணவரும் அண்ணியும் உட்கார்ந்திருந்தார்கள். நடந்ததை எல்லாம் கொட்டினேன். லாபம் சொல்லாமல் விழுந்த முதல் மரக்காலைச் சொன்னேன். கூலி நெல்லைச் சொன்னேன். "மாமா மாதிரி ஒரு மனுஷர் ஒரு வூட்டுல இருந்திருந்தாக்கூட இது அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்" என்று சொல்லி முடித்தேன்.

என் கணவர் எழுந்து போய் இருட்டில் நின்றுகொண்டார். அண்ணி வெகு நேரம் தரையில் சிந்திக் கிடந்த நெல்மணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கம்மா செத்தப்ப நீ இன்னும் இந்த வூட்டுக்கு வாழ வரலை. அன்னைக்கும் இதே மண்டி நெல்லுதான், நாலு மரக்கா கூட இருந்துச்சு. நான்தான் அளந்தேன். ஓடிப்போய் அப்பாகிட்டச் சொன்னேன். அப்பா அந்த நெல்லை மடியில கட்டிக்கிட்டு அழுதாரு. ஒங்கம்மாதான் அனுப்பியிருக்கான்னு சொல்லி, அவரு கையாலயே குதிர்ல கொட்டுனாரு."

மிளகாயைத் திருப்பிக் கொடுக்க வெயிலில் நடந்தவர். அண்ணியின் கையில் பொறுக்கிய நெல் இருந்தது. அதை எங்கே போடுவது என்று தெரியாமல் என்னிடம் நீட்டிக்கொண்டே கேட்டார்.

"அப்ப அது அம்மா அனுப்புனது இல்லையா? அந்த அளவுகாரரு புள்ளைங்க நெல்லா அது?"